விடியற்காலை 4:35: ஒரு பேஸ்பால் அணிக்கு மனசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி

வடசென்னையில் இருந்துகொண்டு அமெரிக்காவின் பேஸ்பால் அணி ஒன்றுக்கு ரசிகராக இருப்பது தனியாளாகச் சுமக்க வேண்டிய விஷயம். வியாசர்பாடியில் கால்பந்து என்று சொன்னால் தெருவே பேச வரும். காசிமேட்டிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் கேரம் பற்றிப் பேச ஆளைத் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பிய பெண் 2024-ல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த ஊர் இது. பேஸ்பாலுக்கு அப்படி ஒரு ஆளும் கிடைக்கமாட்டார். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடிய யாராவது ஒருவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். தூக்கம் எவ்வளவு போகும், பணம் எங்கெல்லாம் ஒழுகும், தோற்ற நாளில் மனசு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லோருக்கும் இது கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கிற அக்டோபரில்தான் ஆரம்பிக்கும். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், அதாவது பந்து வேலி தாண்டிப் போகிற அடி, அரங்கமே எழுந்து நிற்கிறது, பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து ஒரு பெரியவர் அழுகிறார். இரண்டு நிமிட வீடியோ. அதைப் பார்த்துவிட்டு 'இவங்க ஏன் இப்படி ஆகுறாங்க?' என்று கேட்க ஆரம்பிப்போம். ஆனால் அந்த அழுகை அன்றைக்கு வந்ததில்லை. ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், மாதத்துக்கு மூன்று நாலு நாள்தான் ஓய்வு. கிரிக்கெட்டில் நாம் ஒரு தொடருக்குக் காத்திருந்து, பார்த்துவிட்டு, கலைந்துபோகிறோம். பேஸ்பாலில் கலைவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அணியில் ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் முறை வைத்து வருவார்கள். இரண்டு மாதத்தில் இன்றைக்கு யார் முறை என்று நாள்காட்டி பார்க்காமலே தெரிந்துவிடும். இரண்டாம் பேஸ் என்ற ஓட்டப் புள்ளியைக் காக்கிறவருக்கு முழங்காலில் வலி, மூன்றாவதாக மட்டை பிடிக்க வருகிறவர் இரண்டு வாரமாகப் பந்தைச் சரியாக அடிக்கவில்லை என்பதெல்லாம் வீட்டுச் செய்தியாகிவிடும். டாட்ஜர்ஸ் அணிக்கு வின் ஸ்கல்லி என்ற வர்ணனையாளர் 1950-லிருந்து 2016 வரை 67 சீசன் பேசினார். ஒரே குரலைத் தாத்தாவும் பேரனும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறார்கள். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு குரல் வழியாக ஒரு விளையாட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்வது எப்படி என்று நான் விளக்க வேண்டாம்.

வெற்றிக்காகத்தான் ஆட்கள் சேர்கிறார்கள் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். 2001-ல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் வென்றது. ஒரு சீசனில் அதைவிட அதிகமாக எந்த அணியும் வென்றதில்லை. அந்த அணியே 46 முறை தோற்றது, கோப்பையை முடிவு செய்கிற உலகத் தொடருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 முடியும்வரை ஒருமுறைகூட உலகத் தொடர் ஆடாத ஒரே அணியும் அதுதான். மறுபக்கம் 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று நவீன காலத்தின் மோசமான கணக்கை எழுதியது. அதுவே 41 முறை வென்றது. அதாவது மிகச் சிறந்த அணியோடு இருந்தாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தோல்வி நிச்சயம், மிக மோசமான அணியோடு இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நல்ல விடியற்காலை கிடைக்கும். தோல்வியைத் தினசரி ஜீரணிக்கப் பழகுவதில்தான் பற்று இறுகுகிறது. சேர்ந்து ஜெயித்தவர்களைவிடச் சேர்ந்து தோற்றவர்கள்தான் ஒருவரை ஒருவர் விடுவதில்லை.

சிகாகோ கப்ஸ் கதை இதற்கு நேர் சாட்சி. 1908-க்குப் பிறகு 108 ஆண்டுகள் கோப்பை இல்லை. எர்னி பேங்க்ஸ் என்ற ஆட்டக்காரர் 1953-லிருந்து 1971 வரை அந்த ஒரே அணிக்கு ஆடி 512 ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடரில் ஒரு பந்துகூட ஆடாமலே ஓய்வு பெற்றார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிகாகோக்காரர்கள் குரல் மாறும். 2016 நவம்பரில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கூடுதலாக வந்த பத்தாவது இன்னிங்ஸில், நடுவில் 17 நிமிடம் மழைக்கு நின்று, 8-7 என்று ஜெயித்தார்கள். அந்த நாட்களில் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் பெயரோடு, இதைப் பார்க்காமல் செத்துப்போன அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா பெயர்களும். சுவர் முழுக்க. 2004-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்தபோது கல்லறைகளில் அணியின் கொடியையும் தொப்பியையும் கொண்டுபோய் வைத்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர் குத்துச்சண்டைப் பரம்பரைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, பிறந்தபோதே வந்தது. பேஸ்பால் ரசிகர்களும் அணியை அப்படித்தான் பெறுகிறார்கள். நமக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை. அதனால் நாம் மட்டும் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அங்கேதான் கவனம் வேண்டும்.

அணியைக் கோப்பை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கடிகாரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நல்ல செய்தி ஒன்று உண்டு: அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுவரை கோடைக்கால நேரம்தான், சீசன் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா மாதிரி கிழக்குக் கரை அணிகள் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால். அங்கே இரவு 7:05 என்றால் நமக்கு விடியற்காலை 4:35. சிகாகோ, செயின்ட் லூயிஸ் பக்கம் இன்னும் ஒரு மணி தள்ளி, 5:35. லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் என்றால் அங்கே 7:10, நமக்குக் காலை 7:40. 2023-ல் பந்துவீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே கிழக்குக் கரை ஆட்டம் 7:15-க்கு முடியும், மேற்குக் கரை ஆட்டம் 10:20-க்கு முடியும்.

இதை உங்கள் ஷிப்டோடு வைத்துப் பாருங்கள். மணலியிலோ எண்ணூரிலோ காலை 6 மணி ஏ-ஷிப்ட் போகிறவருக்குக் கிழக்குக் கரை அணி ஒத்தே வராது. ஐந்து மணிக்குப் பேருந்துக்கு நிற்கும்போது இரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், சூடு பிடிக்கும் நேரத்தில் கேட்டுக்கு உள்ளே போனை வாங்கிவைத்துக்கொள்வார்கள். மதியம் 2 மணி ஷிப்ட்காரருக்கு மேற்குக் கரை அணி அருமையாகப் பொருந்தும். எழுந்து, குளித்து, டிபன் சாப்பிட்டுக்கொண்டே முழு ஆட்டமும் பார்க்கலாம். ஒன்பது மணிக்குப் பாரிமுனையில் கடை திறக்கிறவர், பள்ளி வேலைக்குப் போகிறவர், இவர்களுக்குக் கிழக்குக் கரை சரி, ஆனால் 9:30-க்குப் படுக்க வேண்டும். வடசென்னை வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கு அணைவது நடக்கிற காரியமா என்று முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கப்ஸ் அணிக்குத் தனிச் சிறப்பு ஒன்று இருக்கிறது. அந்த மைதானத்தில் 1988 வரை விளக்கே கிடையாது, இப்போதும் இரவு ஆட்டங்களுக்கு நகராட்சிக் கட்டுப்பாடு உண்டு. மதியம் 1:20 ஆட்டங்கள் நிறைய. நமக்கு இரவு 11:50. விடியலில் எழ முடியாதவர்கள், இரவு விழிக்க முடிகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

எந்த அணியானாலும் பகலாட்டங்களை மட்டும் நேரலையில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும். ஞாயிறுகளில் கிழக்குக் கரையில் பெரும்பாலும் மதியம் 1:35-ஐ ஒட்டி ஆரம்பிப்பார்கள், நமக்கு ஞாயிறு இரவு 11:05. ஒரு ஊரில் தொடர் முடிந்து அணி அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய புதன், வியாழன்களில் மதியமே ஆடிவிட்டு விமானம் ஏறுவார்கள். அவை நமக்கு இரவு 10, 10:30-க்கே தொடங்கிவிடும். அணியின் தளத்திலிருந்து அட்டவணையைப் போன் நாள்காட்டியில் இறக்கிக்கொண்டால் இந்திய நேரத்துக்குத் தானே மாறிவிடும். மார்ச்சிலேயே உட்கார்ந்து பகலாட்டங்களைத் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். மற்ற ஆட்டங்களைச் சுருக்க வீடியோவாக டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும் செயலியில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் வரும் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். முகப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டால் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

தினமும் 4:35-க்கு எழுந்தே தீருவேன் என்று இறங்கினால் மே மாதத்துக்குள் உடம்பு பழிவாங்கும். முதலில் போவது கவனம். வண்டி ஓட்டும்போது கண் சொருகும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது விளையாட்டு இல்லை. அடுத்தது பொறுமை. காலை ஏழேகாலுக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் தோற்றுவிட்டு எழுந்தால், அதே நேரத்தில்தான் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற அவசரம், பிள்ளைக்கு ஷூ காணோம் என்கிற சத்தம். அந்த எரிச்சல் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் மேல் விழும். 'யாரோ எங்கேயோ தோத்ததுக்கு எங்க மேல ஏன் கத்தற?' என்று கேட்டால் பதில் கிடையாது. இதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன்: ஆட்டம் முடிந்த கையோடு பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருமுனை டீக்கடையிலோ நின்றுவிட்டு வீட்டுக்குள் போங்கள். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் துறைமுகமே விழித்திருக்கும். ஏலம் நடக்கும் சத்தத்தில் ஒரு தோல்வி சீக்கிரம் சின்னதாகிவிடும்.

ஒற்றை அறை வீடு என்றால் வீடியோவை மறந்துவிட்டு ஒலியோடு போவது நல்லது. திரை வெளிச்சம் பிள்ளைகளை எழுப்பும், ஒரு காதில் மாட்டிய இயர்போன் யாரையும் எழுப்பாது. டேட்டா கணக்கிலும் அதுதான் லாபம். 128 கிலோபிட் ஒலி மணிக்கு 58 எம்.பி.க்குள்தான் எடுக்கும்; முழு ஆட்டமும் 160 எம்.பி. தாண்டாது. வீடியோ சுமாரான தரத்தில் மணிக்கு ஒரு ஜி.பி.யை ஒட்டிப் போகும், நல்ல தரத்தில் இரண்டு மூன்று மடங்கு. தினம் ஒன்றரை ஜி.பி. பிளானில் இருப்பவர் ஆறாவது இன்னிங்ஸிலேயே நின்றுவிடுவார், அன்றைக்கு முழுக்க வாட்ஸ்அப்பும் ஊர்ந்துதான் வரும். பேஸ்பால் ஒலிக்கென்றே வளர்ந்த விளையாட்டு என்பதையும் சொல்ல வேண்டும். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் வர்ணனையாளர் அந்த ஊரைப் பற்றி, அந்த ஆட்டக்காரரின் அப்பாவைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசுவார். அந்த ஊர்க்காரர்களின் சிரிப்பும் கோபமும் எப்படிப்பட்டது என்பது படத்தைவிடக் குரலில்தான் பிடிபடும். ஊர் வானொலி வர்ணனை என்று தேர்ந்தெடுக்கிற வசதி இருந்தால் கண்டிப்பாக அதையே எடுங்கள்.

தூக்கத்தை விரட்டவும் ஆட்டத்துக்குள் இறங்கவும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கோடு போடாத நீள நோட்டில் இடதுபக்கம் ஒன்பது வரிசை, ஆட்டக்காரர் பெயருக்கு. வலதுபக்கம் பன்னிரண்டு பத்திகள் போடுங்கள், ஒன்பது இன்னிங்ஸுக்கும் கூடுதல் இன்னிங்ஸுக்கும். எதிரணிக்கு எதிர்ப்பக்கம். மைதானத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பந்து வீசுகிற பிட்சர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது வெளிக்களம் முறையே 7, 8, 9. இவை சட்டையில் இருக்கும் எண் கிடையாது, இடத்தின் எண். புதிதாக வருபவர் எல்லோரும் குழம்புகிற இடம் இது. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3 என்று எழுதவேண்டும். நடு வெளிக்களத்தில் பந்து பிடிபட்டால் 8. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன வைர வடிவம். கீழ்முனை மட்டைக்காரர் நிற்கிற ஹோம், வலது முனை முதல் பேஸ், மேல்முனை இரண்டாவது, இடது முனை மூன்றாவது. ஆள் எவ்வளவு தூரம் ஓடினாரோ அவ்வளவுக்குக் கோடு இழுத்து, ரன் எடுத்தால் உள்ளே நிழல் அடித்துவிடுங்கள். மூன்று முறை பந்தைத் தவறவிட்டு அவுட்டாவதுதான் ஸ்ட்ரைக் அவுட். மூன்றாவது முறை மட்டை சுற்றித் தவறவிட்டால் ஆங்கிலக் 'கே' எழுத்து, சுற்றாமல் நின்றபடி அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம். தவறு நடக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான்: ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், புதிய பெயரை எழுத இடமிருக்காது. அதனால் முதலிலேயே ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு வரி காலி விடுங்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால் போதும், யார் எப்போது கைவிடுவார், யார் நெருக்கடியில் நிற்பார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பத்துக்கு மூன்று முறை அடித்தாலே பெரிய ஆட்டக்காரர் என்கிற விளையாட்டில், ஏழு முறை தோற்கிறவரை நேசிக்கக் கற்றுக்கொடுப்பது இந்த நோட்டுதான்.

இப்போது பணம். அதிகாரபூர்வ வீடியோ சந்தா 2024, 2025 சீசன்களில் ஆண்டுக்கு 150 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 12,750 ரூபாய். இதோடு முடியாது. பல வங்கி அட்டைகள் வெளிநாட்டுக் கட்டணத்துக்கு 3.5 சதவீதம்வரை மேல்கட்டணம் போடும், அது 446 ரூபாய். அந்த மேல்கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., இன்னொரு 80. மொத்தம் 13,276. ஒரு குடும்பத்தின் மாத மளிகையைத் தாண்டுகிற தொகை இது, அதனால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஒலி மட்டும் போதும் என்றால் ஆண்டுக்கு 30 டாலர் அளவில் தனிச் சந்தா இருந்தது. முதல் வருடத்துக்கு அதுவே தாராளம். வீடியோதான் வேண்டும் என்றால் செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் மட்டும் மாதச் சந்தா எடுப்பது ஒரு வழி. சீசன் பாதியைத் தாண்டினால் ஆண்டுச் சந்தாவின் விலையையும் குறைப்பார்கள். பணம் கட்டும் முன் அட்டையில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறக்க வேண்டும், கட்டியபின் மூடிவிட வேண்டும். முக்கியமாகத் தானாகப் புதுப்பிக்கிற வசதியை அன்றைக்கே நிறுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு முன்னால், நீங்கள் மறந்திருக்கும்போது முழுத் தொகையும் ஒரே அடியாகப் போகும். பள்ளிக்கூட டெர்ம் ஃபீஸ் கட்டவேண்டிய கணக்கு அதுவாக இருந்தால் வலி இரட்டிப்பு. வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டுகிற வி.பி.என். சேவையை வாங்கச் சொல்கிறவர்களை நம்பவேண்டாம். உள்ளூர் அணியின் ஆட்டத்தை மறைக்கிற விதி அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி, சென்னையிலிருந்து பார்க்கிறவர்கள் அமெரிக்க முகவரி போட்டு அந்தத் தலைவலியை விலைக்கு வாங்கத் தேவையில்லை.

அடுத்த ஓட்டை சட்டையும் தொப்பியும். தொப்பியின் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போடக்கூடாது. கூரியர் கட்டணம், அதன் மேல் சுங்கவரி, அதை வசூலிக்கிறதற்கு ஒரு கட்டணம் என்று வாசலில் வந்து நிற்கும்போது வேறு தொகையாகியிருக்கும். அங்கிருந்து ஊருக்கு வருகிற சொந்தக்காரர் பெட்டியில் ஒன்று வைத்துக் கொண்டுவந்தால் போதும். எம்.சி. ரோட்டிலும் பர்மா பஜாரிலும் நியூயார்க் யாங்கீஸ் முத்திரை பின்னிய தொப்பி குவிந்துகிடக்கிறது, அது ஒரு பேஸ்பால் அணியின் சின்னம் என்று தெரியாமலே பாதி வடசென்னை போட்டுக்கொண்டிருக்கிறது. ரெட் சாக்ஸ் ரசிகராகப் போகிறவர் அதை மட்டும் தலையில் வைக்காதீர்கள். 1919 டிசம்பரில் பேப் ரூத் என்ற பெரும் ஆட்டக்காரரைத் தங்கள் அணி யாங்கீஸுக்கு விற்றதை பாஸ்டன்காரர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். பந்தயச் செயலி எதையும் தொடவே கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அது இல்லாவிட்டாலும், 162 ஆட்டம் என்பது பணத்தைத் தோற்க 162 வாய்ப்பு.

இவ்வளவையும் தாங்க வைப்பது சக ரசிகர்கள்தான். அணிக்காக வந்தவர்கள் ஆட்களுக்காகத் தங்குகிறார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: கல்லூரி அணி ஜெயித்த அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிச் சட்டையை அதிகம் போட்டுவந்தார்கள், ஜெயித்ததைச் சொல்லும்போது 'நாங்கள்' என்றார்கள், தோற்றதைச் சொல்லும்போது 'அவர்கள்' என்றார்கள். எந்த டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். பேஸ்பாலின் பழைய ரசிகர்கள் தோற்றாலும் 'நாம்' என்பதை விடுவதில்லை, புதிதாக வருகிறவரை அவர்கள் அளப்பதும் அதை வைத்துத்தான். அதனால் ரசிகர் குழு ஒன்றுக்குள் போகும்போது கோப்பை பற்றிப் பேசாதீர்கள். 'உங்களை ரொம்ப வலிக்கவெச்ச தோல்வி எது?' என்று ஒருவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார், அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி. நீங்கள் சென்னையிலிருந்து என்றும், இங்கே மணி என்ன என்றும் சொல்லுங்கள். விடியற்காலையில் எழுந்து தங்கள் அணியைக் கேட்கிற ஒருவரை அவர்கள் மதிப்பார்கள். எதிரணி ரசிகர் தோற்ற அன்றைக்குப் போய்க் குத்தாதீர்கள். பெரும்பாலும் அடுத்த நாளும் அதே எதிரணியோடுதான் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் எல்லோரும் எழுந்து பாடுகிறபோது இங்கே மொட்டை மாடியில் நீங்களும் எழுந்து நில்லுங்கள். யாரும் பார்க்கவில்லைதான், ஆனால் அந்த நிமிடத்தில் நீங்கள் தனியாளும் இல்லை.

அணியின் முதலாளிகள் விஷயத்தில் மட்டும் மனசைத் தயாராக வைத்திருங்கள், ஏனென்றால் ரசிகர்களின் பற்றை அவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆட்டக்காரர் பரிமாற்றத்துக்குக் கெடு வரும். மூன்று மாதமாக நீங்கள் நோட்டில் எழுதிய பெயர் ஒரே இரவில் வேறு ஊருக்குப் போய்விடும். அதைவிடக் கொடுமை அணியே போவது. 1957 சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனது. ஓக்லாந்து ஏ'ஸ் அணி இடம் மாறப்போகிறது என்று தெரிந்தபோது, காலியாகக் கிடந்த அரங்கத்தை 2023 ஜூன் 13 அன்று ரசிகர்களே திட்டமிட்டு நிரப்பினார்கள். 27,759 பேர், 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையில். குறை எங்களிடம் இல்லை என்று முதலாளிக்குக் காட்டத்தான் அந்தக் கூட்டம். பலிக்கவில்லை. 2024 செப்டம்பர் 26-ல் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது, 46,889 பேர் வந்து வழியனுப்பினார்கள். பெரம்பூரில் பின்னி மில் மூடியதைப் பார்த்த குடும்பங்களுக்கு இந்தக் கோபத்தை யாரும் விளக்க வேண்டாம். முதலாளி பணத்தகராறில் இருக்கிற, அரங்கத்தின் ஒப்பந்தம் முடியப்போகிற அணியைப் புதிதாகத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. அப்படித்தான் மனசு போகிறது என்றால் என்ன வரப்போகிறது என்று தெரிந்தே போங்கள்.

அக்டோபர் கோப்பை ஆட்டங்களுக்குள் உங்கள் அணி வந்துவிட்டால் இதுவரை சொன்ன எந்தக் கட்டுப்பாடும் நிற்காது, அதற்கு முன்னேற்பாடு வேண்டும். செப்டம்பரில் விடுப்பை மிச்சம் வைத்திருங்கள். அமெரிக்கப் பேஸ்பாலில் சமநிலையில் முடிப்பது கிடையாது. சீசன் ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரை நிறுத்திச் சீக்கிரம் முடிக்கிற விதி, அக்டோபரில் கிடையாது. 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸும் டொரான்டோ ப்ளூ ஜேஸும் 18 இன்னிங்ஸ் ஆடினார்கள், 6 மணி 39 நிமிடம். நமக்கு விடியற்காலை ஐந்தரையை ஒட்டித் தொடங்கியது நண்பகல் தாண்டித்தான் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னில் முடிந்தது. அரை நாள் விடுப்பு போட்டவர்களுக்கும் அது போதவில்லை. போன் சார்ஜ், பவர்பேங்க், மின்தடை வந்தால் மொபைல் டேட்டா, மூன்றையும் முந்தின இரவே சரிபாருங்கள்.

இவ்வளவு விலை கொடுக்க முடியாது, ஆனால் அந்தக் கூட்டத்தின் சத்தம் வேண்டும் என்கிறவர்களுக்குக் கிழக்கே ஒரு வழி இருக்கிறது. ஜப்பானில் 12 அணிகள். அங்கே மாலை 6 மணி ஆட்டம் நமக்கு மதியம் 2:30. தென்கொரியாவில் 10 அணிகள். வார நாட்களில் மாலை 6:30, நமக்கு 3 மணி. ஜப்பானில் ரசிகர் குழுக்கள் டிரம்பெட்டும் மேளமுமாக ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனிப் பாட்டு வைத்திருக்கும், தங்கள் அணி மட்டை பிடிக்கிற நேரம் முழுக்க ஓயாமல் பாடும். ஒசாகா பக்கத்து ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள் 1985-ல் கோப்பைக்குப் போகிற சந்தோஷத்தில், ராண்டி பாஸ் என்ற தாடிவைத்த அமெரிக்க ஆட்டக்காரரின் சாயல் என்று சொல்லி ஒரு கோழிக்கறிக் கடையின் கர்னல் பொம்மையைத் தோட்டோன்போரி கால்வாயில் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பொம்மை சாபம் விட்டது என்று ஊரே நம்பியது. 2009-ல் பொம்மையை வெளியே எடுத்தார்கள்; 1985-ல் வென்றதற்கு அடுத்த கோப்பை 2023-ல்தான் வந்தது. கானாக் கூட்டத்திலும் சாவு மேளத்திலும் பழகிய நம் காதுக்கு அந்த அரங்கச் சத்தம் சீக்கிரம் பிடித்துவிடும். ஏ-ஷிப்ட் முடித்து வீடு திரும்பிச் சாப்பிட்டு உட்காரும் நேரத்துக்கு ஆட்டம் சரியாகத் தொடங்கும், ஆறு மணியை ஒட்டி முடிந்துவிடும், ஒன்பதரைக்குத் தூக்கம். ஜப்பானில் 143 ஆட்டம், கொரியாவில் 144. தினசரிப் பழக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். மார்ச் கடைசியில் சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அட்டவணையை இறக்கி, வீட்டு நாள்காட்டியில் கல்யாணம், திருவிழா, பரீட்சை நாட்களை முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கிற கட்டங்களில் ஆட்டத்தைக் குறியுங்கள்.